சாண வாயுத் தேத்தண்ணீர்

அன்று எங்கள் வீட்டு வளவில் நின்றவர்கள்: வாப்பா, உம்மா, உம்மாவின் தங்கையான சாச்சி, பள்ளிவாசலில் மார்க்கம் சொல்லும் லெவ்வை, விவசாயக் கந்தோரிலிருந்து சோதிக்க வந்த ஐயா, கூலிக்காகக் காத்திருந்த மேசன், ஒன்பது வயதான நான், இரண்டு பசுக்கள். பசுக்கள் எங்களுடையவை அல்ல.

எங்களுடைய பதினாறும் பட்டியில் நின்றன. வயல் விதைத்துவிட்டால் மாடுகளை மேற்கே காட்டோரப் பட்டிக்குச் சாய்த்துவிடுவார்கள். அறுவடை முடிந்துதான் திரும்பும். வாப்பா இதை மறந்து, மாடுகள் வளவில் நின்ற மாதத்தில் சாண வாயுத் தொட்டி கட்டிவிட்டார். மறந்தார் என்பதும் சரியில்லை. மானியம் என்ற சொல் காதில் விழுந்தால் அவருக்கு மற்றதெல்லாம் சின்னதாகிவிடும். அதில் பாதி, தொட்டி கட்டும்போதே வந்தது. மீதி எழுநூற்றைம்பது ரூபாய், வீட்டார் அந்த வாயு அடுப்பைப் பாவிப்பதை ஐயா கண்ணால் கண்ட பிறகுதான் வரும். மேசனின் கூலி அதில்தான் இருந்தது.

ஐயா வந்தது விதைப்பு முடிந்த பிறகு. தொட்டியில் பழைய சாணத்தின் வாயு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வெறும் வளவைக் காட்டக் கூடாதென்று வாப்பா பசுக்களை இரவல் வாங்கிக் கட்டினார். தொட்டி வெடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று நான் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணனான காக்காவைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு என்னை மட்டும் உம்மா நிற்கச் சொன்னது அந்தக் கவலையை இன்னும் கூட்டியது.

அடுப்பு பற்றியது. நீல நெருப்பு. வெடிக்கவில்லை. அதில் கொதித்த தண்ணீரில் தேயிலை போட்டுச் சாச்சி தேத்தண்ணீர் ஊற்றினார்.

"முதல்ல வீட்டுக்காரர் குடியுங்கோ," என்றார் ஐயா. அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

சாணம் நஜீஸ், அசுத்தம். உம்மாவுக்கு அதிலிருந்து வரும் நெருப்பும் அப்படித்தான். "நான் இண்டைக்கு சுன்னத்து நோன்பு," என்றார். கட்டாயமில்லாமல் விரும்பிப் பிடிக்கும் நோன்பு அது.

"நானும் நோன்புதான்," என்றார் சாச்சி.

தீர்ப்புச் சொல்லவென்றே வாப்பா லெவ்வையைக் கூட்டி வந்திருந்தார். "நெருப்புல நஜீஸ் ஒண்டும் இல்ல. தாராளமாக் குடிக்கலாம்," என்ற லெவ்வை, கோப்பை தன் பக்கம் நீண்டதும், "வியாழக்கிழமையில நான் நோன்பு பிடிக்கிறது வழமை," என்றார்.

வாப்பாவும் நோன்பு என்றார். வாய் நிறைய வெற்றிலை.

"வெத்திலையோட நோன்பு பிடிக்கிறீங்க போடியார்," என்றான் மேசன், வயல்காரரான வாப்பாவை ஊர் அழைப்பதுபோல். "எண்ட கூலியையும் நோன்புல போட்டுராதீங்க."

உம்மா கோப்பையை எடுத்து என் கையில் தந்தார். "நீ குடி மகள். ஐயா கேட்டா உள்ளதைச் சொல்லு."

இத்தனை பேரின் பொய் நோன்புக்கும் மறுமையில் யார் பதில் சொல்வது என்ற யோசனையோடு குடித்தேன். நாக்கு வெந்தது.

"சாணம் மணக்குதோ பிள்ளை?" என்றார் ஐயா.

பொய் சொன்னால் எனக்கு இரவில் தூக்கம் வராது. "தேத்தண்ணி மணக்கல்ல. மாடுதான் மணக்கிது. அது எங்கட மாடில்ல."

ஐயா சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பட்டியைச் சொன்னேன், விதைப்பைச் சொன்னேன், இரவலையும் சொன்னேன். உம்மா விடிந்த பிறகு தின்ற இடியப்பத்தை மட்டும் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. மாடு திரும்பிய பிறகு மீதிப் பணம் என்று எழுதிக்கொண்டு போனார். வாப்பா பட்டியில் நின்ற ஒரு நாம்பன் காளையை விற்று மேசனுக்குக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் உம்மா, விறகு அடுப்பின் முன்னிருந்து, எனக்கு இனிப்பான தொதலில் இரண்டு துண்டு தந்தார். வாப்பாவின் காசைக் கெடுத்தவளுக்கு ஆறுதல் என்று நினைத்து, அழுதுகொண்டே தின்றேன். கண் இமைக்காமல் பொய் சொல்லும் காக்காவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கோப்பையைப் பொய் சொல்ல வராத என்னிடம் ஏன் தந்தார் என்பது எனக்கென்று ஓர் அடுப்படி வரும்வரை விளங்கவில்லை.

மாடுகள் திரும்பும் முன்பே ஐயா மாற்றலாகிப் போய்விட்டார். கந்தோர் எங்களுக்குத் தர வேண்டியது இன்னும் எழுநூற்றைம்பது ரூபாய்.