எக்ஸ்ட்ராஸ் எடுத்த ரன்கள்

எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்தாயிற்று. எங்கே யார் போனில் கிரிக்கெட் ஸ்கோரைக் காட்டினாலும் என் கண் பெயர்களைத் தாண்டிக் கடைசி வரிக்குத்தான் முதலில் போகிறது.

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் மாமா வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். அம்மா போவன்பள்ளி மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அப்பா வேலை தேடிப் போனவர், திரும்பவில்லை. என் வயதுப் பிள்ளைகள் தெலுங்கில் விளையாடினார்கள். எனக்கு அது இன்னும் வரவில்லை. அந்தக் கோடை விடுமுறையில் எனக்குத் துணை மாமாவின் ஸ்கோர் புத்தகம்.

மாமா குவார்ட்டர்ஸ் டீமுக்கு ஸ்கோர் எழுதுபவர். பக்கத்துக்கு ஒரு மேட்ச். முடிந்துபோன சீசனை நான் உட்கார்ந்து கூட்டினேன்: யார் எத்தனை ரன், எத்தனை முறை அவுட், ஒன்றை மற்றதால் வகுத்தால் சராசரி. எட்டாவதோடு பள்ளியை விட்டேன். எனக்குத் தெரிந்த கணக்கு அந்த மே மாதம் கற்றதுதான்.

அப்பாவும் அந்த டீமில் இருந்ததாக அம்மா சொல்லியிருந்தாள். புத்தகத்தில் அவர் பெயரே இல்லை. மாமாவைக் கேட்டேன்.

"உங்கப்பன் எக்ஸ்ட்ராடா," என்றார், சவரம் செய்துகொண்டே.

யாருக்காவது அடிபட்டால் இறங்கும் பன்னிரண்டாவது ஆள் என்ற அர்த்தத்தில் சொன்னார். நான் புத்தகத்துக்கு ஓடினேன். ஒவ்வொரு பக்கத்திலும் பதினொரு பெயர்களுக்குக் கீழே இருந்தார்: எக்ஸ்ட்ராஸ். பந்து வீசுபவன் பிசகினால் யாரும் அடிக்காமலே சேரும் ரன்களுக்கான வரி அது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா ஒரு மேட்ச்கூட விடவில்லை. டீமில் மூன்றாவது அதிக ரன். சராசரிதான் போட முடியவில்லை. அவுட்டே ஆகாதவரை எதால் வகுப்பது?

இப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரை டீமே கூப்பிட்டால் வராமலா போவார்? புது சீசனுக்கு ஆள் எடுத்த ஞாயிற்றுக்கிழமை, கணக்குத் தாளோடு கேப்டன் முன்னால் போய் நின்றேன்.

"எங்கப்பாவக் கூப்பிடுங்கண்ணா. அவர் அவுட்டே ஆகல."

கேப்டன் தாளைப் படித்துவிட்டு மாமா பக்கம் திரும்பினார். "அரே! அண்ணா, உங்க மருமவன் எக்ஸ்ட்ராஸ..." மேலே பேச முடியாமல் சிரித்தார். தாள் கை மாற மாற டீமே சிரித்தது.

"நக்கோ, சிரிக்காதீங்க," என்றார் மாமா. அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "லிஸ்ட்ல அவன் பேர எழுது."

"கைக்குண்ணா, எதுக்கு? ஆளு எங்க இருக்கார்னே..."

"எழுதுடா."

பன்னிரண்டாவதாக அப்பா பெயர் ஏறியது.

முதல் மேட்ச் அன்று மைதான வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒருமுறை குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். அப்பா வரவில்லை. சாயங்காலம் மாமா புத்தகத்தை மூடப்போனபோது எட்டிப் பார்த்தேன். எக்ஸ்ட்ராஸ், பதினான்கு.

"நான் தண்ணி குடிக்கப் போனப்ப அப்பா வந்தாரா மாமா?"

மாமா அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஹவ், வந்தான்," என்றார்.

அடுத்த ஞாயிறு இன்னும் வெயில். நான் தண்ணீர் குடிக்கப் போகவில்லை.