மூன்றாம் ஓலை

திருமண ஓலையை மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிக்க வேண்டும். அதற்குத் தடை சொல்ல வருபவர், மணமக்களில் ஒருவருக்கு ஏற்கெனவே மணந்த துணை உயிரோடு இருக்கிறார், விலக்கப்பட்ட உறவுமுறை, வயது போதாது என்பது போன்ற காரணத்தைத்தான் சொல்லலாம். பெண்ணின் அப்பா பரலோகத்தில் எத்தனை பேர் இருப்பதாக நினைக்கிறார் என்பது அந்தக் கணக்கில் வராது. பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த விதி மனப்பாடம். 1950களின் கடைசியில், திண்டுக்கல்லில், எங்கள் சபையில் ஒருவருக்கும் அது தெரியாது. போதகர் உட்பட.

அப்பா ஒரு சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதினார். சுண்ணாம்பும் தோலும் கலந்த வாடையோடு வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, வேதப்புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். எத்தனையோ வருடம் அப்படி வாசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கடவுள் ஒருவரே. இயேசு அவருடைய குமாரன்தான், மீட்பர்தான். ஆனால் மரியாளின் வயிற்றில் உருவாவதற்கு முன்பு அவர் எங்கும் ஆளாக இருக்கவில்லை. கடவுளின் எண்ணத்தில் இருந்தார், அவ்வளவுதான். இதை அவர் யாருக்கும் போதிக்கவில்லை. அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஞாயிற்றில் சபையார் எழுந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, உலகங்கள் உண்டாவதற்கு முன்பே குமாரன் பிதாவிடம் பிறந்தவர் என்று வரும் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வார். அடுத்த வரியில் சேர்ந்துகொள்வார்.

சிக்கல் என்னவென்றால், அப்பாவுக்குக் கட்டைக்குரல். அந்த ஒரு வரியில் ஆண்கள் பக்கம் சத்தம் திடீரென்று மெலிந்து போகும். முன்னால் பாயில் உட்காரும் பிள்ளைகளுக்கே தெரியும்போது, அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கும் சபைச் செயலாளருக்குத் தெரியாமல் இருக்குமா?

அக்காவுக்குக் கொடைரோடு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் மாப்பிள்ளை அமைந்திருந்தார். முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் ஆயின. மூன்றாம் ஓலை திருவிருந்து ஞாயிற்றில் வந்தது. தடையிருந்தால் சொல்லலாம் என்று போதகர் வழக்கப்படி கேட்டார். அந்த இடத்தில் வழக்கப்படி யாராவது இருமுவார்கள். அன்று செயலாளர் எழுந்தார்.

“ஐயா, தடை இருக்கு.”

“மாப்பிள்ளைக்கா, பொண்ணுக்கா?”

“பொண்ணோட அப்பாவுக்கு.”

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. செயலாளர் சிரிக்கவில்லை.

“இயேசு சாமி பெறக்குறதுக்கு முன்னால எங்க இருந்தாருன்னு இவரைச் சொல்லச் சொல்லுங்க.”

சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் அப்பாவுக்கு இல்லை. ஆனால் கேட்டுவிட்டால் மறைக்கத் தெரியாதவர். எழுந்து நின்றார். “கடவுளோட எண்ணத்துல இருந்தாரு.”

“எண்ணத்துலயா! ஆளா இல்லையா?”

“இல்ல.”

“ஆபிரகாமுக்கு முன்னமே நான் இருக்கேன்னு அவரே சொல்லியிருக்காரே, அது பொய்யா?”

“பொய்யில்ல. பூட்டுக்காரரு பட்டறையில உக்காரும்போதே அவரு மனசுல பூட்டு இருக்கு. அதுதான் முதல்ல. அதுக்காக அதை வச்சுக் கதவைப் பூட்ட முடியுமா?”

“பூட்டும் புத்திரனும் ஒண்ணாய்யா? தோல் ஷாப்புல சாயபு ஓதிக் குடுத்ததை இங்க வந்து ஒப்பிக்கிறீரு!”

“சாயபுகிட்டயும் கேட்டுப் பாருங்க, அவருக்கும் என் பேச்சு ஆகாது,” என்றார் அப்பா.

“செத்த நேரம் பேசாம இருங்கப்பு ரெண்டு பேரும்,” என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “புள்ளைக கல்யாணத்துல சாமியை எதுக்கு இழுக்குறீக?”

அன்று அந்தக் கட்டடத்தில் பேசப்பட்டவற்றுள் விதிக்கு மிக அருகில் வந்த பேச்சு அதுதான். போதகர் நல்லவர், நல்லவர்களுக்கு உரிய பயமும் உள்ளவர். ஓலைத்தாளை மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு, “மேலிடத்துக்கு எழுதிக் கேக்குறேன்” என்றார். சந்தேகம் வந்தால் மேலே எழுது, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிரு. இந்த முறையைப் பிற்காலத்தில் நானே எவ்வளவோ பேர் மேல் பிரயோகித்திருக்கிறேன். அது எவ்வளவு கனமானது என்பது மட்டும் எனக்கு முன்பே தெரியும்.

பதில் வரவில்லை. லெந்து என்னும் நோன்புக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் புதன் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை சபையில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையின் அம்மா ரயிலேறி வந்தார். எங்கள் அம்மா கொடுத்த காப்பியைத் தொடவில்லை. “லெந்துக்குள்ள முடியலைன்னா நாங்க வேற எடம் பாத்துக்கிடுறோம். தடை விழுந்த பொண்ணுன்னு ஸ்டேஷன் பூராம் பேச்சாயிருச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார்.

தடை விழுந்தது அப்பாவுக்கு. ஒட்டிக்கொண்டது அக்காவுக்கு.

அம்மா வேதம் பேச மாட்டார். “ஒரு வரிதானேங்க” என்று மட்டும் சொன்னார்.

“ஆமா, ஒரு வரிதான்” என்றார் அப்பா.

சாயபுவும் ஒரு நாள் வீட்டு வாசல் வரை வந்து நின்றார். “கணக்குப்பிள்ளை, நீங்க சொல்றதுல பாதி எனக்கு இனிக்குது, பாதி கசக்குது. எங்க ஆளுகளும் உங்களைச் சேத்துக்க மாட்டாங்க, உங்க ஆளுகளும் சேத்துக்க மாட்டாங்க. தனியா நிக்கிறவருக்கு மக எதுக்கு?” வேடிக்கையாகத்தான் சொன்னார். அப்பா சிரித்தார். அவர் போனதும் வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

கடைசியில் போதகர் ஒரு வழி கண்டுபிடித்தார். சாம்பல் புதனுக்கு முன்னால் இன்னும் ஒரு திருவிருந்து ஞாயிறு இருந்தது. அன்று அப்பா பிரமாணம் முழுவதையும் எல்லோர் காதிலும் விழச் சொன்னால், செயலாளர் தடையை வாபஸ் வாங்கிக்கொள்வார். மேலிடத்துப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

போதகர் இதைச் சொல்லிவிட்டுப் போன மத்தியானம் சாப்பாட்டில் அக்கா சொன்னாள்: “நீங்க சொல்ல வேணாம்ப்பா. எனக்காக இல்லாததைச் சொல்லாதீங்க. நான் இப்படியே இருந்துக்கிறேன்.”

சொல்லிவிட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அப்பா தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைத் தொடாமல், அந்தச் சோற்றை மட்டும் பிசைந்து தின்றுவிட்டு எழுந்தார். சொல் என்று அக்கா அழுதிருந்தால் அவர் மறுத்திருப்பார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஞாயிறு கோயில் நிரம்பியிருந்தது. கொடைரோட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் எழுந்தபோது நானும் எழுந்து, பின்னால் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். முகம் பார்க்காதே என்று அம்மா தூரத்திலிருந்து கையைக் காட்டினார்.

பிரமாணம் தொடங்கியது. நூறு வாய்கள் சேர்ந்து சொன்னதில் அப்பாவின் குரல் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரி நெருங்க நெருங்க, ஒவ்வொரு வாயாக நின்றது. அப்பா சொல்கிறாரா என்று கேட்க வேண்டுமே! செயலாளர் நிறுத்தினார், மாப்பிள்ளை வீட்டார் நிறுத்தினார்கள், போதகரும் நிறுத்திவிட்டார். வரி வந்தபோது சபை முழுவதும் மௌனமாக நின்றது.

அப்பா ஒருவர் மட்டும் அதைச் சொன்னார். ஒரு சொல்லையும் விழுங்காமல், சுவர் அதிரச் சொன்னார்.

அந்த வரியை நம்பிய அத்தனை பேரும் அன்று அதைச் சொல்லவில்லை. செயலாளர் இடம் தப்பி “ஆமென்” என்றார். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

மறுநாளே கல்யாணம். சாயபு ஆடுகளையும் சமையல்காரரையும் அனுப்பியிருந்தார். செயலாளர் இரண்டு பந்தியில் சாப்பிட்டார்.

அதன்பின் ஒவ்வொரு திருவிருந்து ஞாயிற்றிலும் அப்பா அந்த வரியைச் சொன்னார். ஆண்கள் பக்கம் ஒருமுறைகூட மெலியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. “எங்கப்பா சரியாயிட்டாரு” என்று பாயில் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னேன். வீட்டிலும் நிம்மதி. வேலை முடிந்து வந்தால் அப்பா வேதப்புத்தகத்தை எடுப்பதில்லை. யாரிடமும் எதையும் தர்க்கம் செய்வதில்லை. சீக்கிரம் படுத்துவிடுவார்.

பிறகு ஒருநாள் போதகர் ஒரு உறையைக் கொண்டுவந்தார். அப்பா கண்ணாடியைத் தேடவில்லை. “நீ வாசி, அப்பு” என்று என்னிடம் நீட்டினார். பள்ளிக்கூடத்தில் உரக்க வாசிப்பதில் நான்தான் முதல். திணறாமல் வாசித்தேன். தடை செல்லாது, பெண்ணின் தகப்பனாருடைய கொள்கை திருமணத்துக்குத் தடையாகாது, அவரிடம் எதுவும் சொல்லும்படி கேட்காமல் திருமணத்தை நடத்திவைக்கலாம்.

போதகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாராட்டுக்காக நான் நிமிர்ந்தேன். அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். எங்கோ ஒரு சொல்லைத் தப்பாக வாசித்துவிட்டேன் போலிருக்கிறது என்று எண்ணி, முதலிலிருந்து மறுபடி, இன்னும் உரக்க வாசிக்கத் தொடங்கினேன்.

பதில் கைக்கு வந்த நாள்: அக்காவின் மூத்த மகனுக்கு ஞானஸ்நானம் ஆன மறுநாள், திங்கட்கிழமை.