ஜிப்பு போட்ட ஓட்டு

எங்கள் குடியிருப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஜிப்பு என்றால்தான் தெரியும். பல் போன ஜிப், வாய் பிளந்த பை, இடுப்பு இறுகிப்போன பள்ளிச் சீருடை, எதைக் கொடுத்தாலும் மறுநாள் சரியாகியிருக்கும். அவள் வாயும் அப்படித்தான், இழுத்து மூடினால் லேசில் திறக்காது. அப்படிப்பட்டவள் ஒருநாள் என் கடை வாசலில் வந்து நின்று, "அண்ணே, போட்ட ஓட்ட அழிக்க முடியுமா?" என்று கேட்டாள்.

நான் கீழ்த்தளத்தில் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். குடியிருப்பில் யார் போன் முரண்டு பிடித்தாலும் என் தலையில்தான் விடியும். அந்த மாதம் முழுக்க விடிந்தது சங்கிலியால்.

சங்கிலி என்பது ஒரு தம்பி. வசதியில்லாத குடியிருப்புகளுக்கு நல்லது செய்யச் சொல்லி, பிளாக்செயின் என்கிற கம்ப்யூட்டர் பதிவேட்டு நுட்பம் படித்த பிள்ளைகளுக்கு ஃபெல்லோஷிப் கொடுத்து அனுப்புகிற ஏதோ ஓர் அமைப்பு அவனை எங்களிடம் அனுப்பியிருந்தது. சைக்கிள் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டு, மைக் பிடித்து, "இது ஒரு சங்கிலி மாதிரி" என்று ஆரம்பித்தான். அன்றைக்கே அது பெயராக ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். செத்துக் கிடக்கும் லிஃப்ட்டைப் பழுது பார்ப்பதா, கீழே பூட்டிக் கிடக்கும் அறையில் நல்ல மிஷின்கள் போட்டுத் தையல் கூடம் வைப்பதா? இருக்கிற நிதிக்கு இரண்டில் ஒன்றுதான் நடக்கும். பெரியவர்கள் அவரவர் போனில் ஓட்டுப் போட வேண்டும். போட்டதை மாற்ற முடியாது, அழிக்க முடியாது, யார் எதற்குப் போட்டார்கள் என்று எல்லோரும் பார்க்கலாம். "ஒளிவுமறைவே கிடையாது!" என்றான் பெருமையாக. நல்ல பிள்ளைதான். ஒளிவுமறைவு இல்லாமல் எந்தக் குடும்பமாவது ஒருநாள் ஓடுமா என்று மட்டும் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

ஜிப்பு அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. சீருடை ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது. மோட்டார் புகைந்துபோன பழைய மிஷினைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தடதடப்பில் மைக் சத்தம் அவள் காதில் ஏறவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் அக்கா ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

அம்மா போனபோது ஜிப்பு கைக்குழந்தை. அக்காவே அப்போது சின்னப் பெண். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் ஈரப் போர்வைகளைப் பிழிந்து பிழிந்து தங்கையை வளர்த்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தால், "இவள யாரு பாத்துக்குவா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். கடைசியில் அந்தச் சலவைக் கூடத்து ஈரத்திலேயே வழுக்கி விழுந்து இடுப்பு போனது. வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் நின்ற பிறகு ஆஸ்பத்திரிக்கு மட்டும் நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவோம். மற்றபடி ஜன்னல்தான். அவளுக்கு இருந்த ஒரே ஆசை, எதிரே பஸ் நிற்கும் இடத்தில் இருக்கிற சிமென்ட் பெஞ்சில் போய் உட்கார வேண்டும் என்பது. "மேலருந்து பாத்தா எல்லாரும் வெறும் தலைதான் கடைக்காரரே, மூஞ்சியே தெரிய மாட்டேங்குது" என்பாள்.

"கவலப்படாதக்கா, லிஃப்ட் வந்துரும். நான் இருக்கேன்ல" என்று ஜிப்புவே வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். ஓட்டுத் தொடங்கிய அன்று காலையில் முதல் ஆளாகப் போட்டாள், தையல் கூடத்துக்கு. யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைப்பு.

எல்லோரும் பார்க்கலாம் என்பது மறுநாள் குழாயடியில்தான் அவள் காதில் விழுந்திருக்கிறது. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு என் கடைக்கு ஓடிவந்துவிட்டாள்.

சங்கிலிக்குப் போன் போட்டேன். "அழிக்கவே முடியாது அண்ணா. அதான் இதோட அழகே!" என்றான். அழகாம், மண்ணாங்கட்டி!

"மிஷினு உயிர விடுது அண்ணே. அந்த ஆர்டர் போனா எங்க ரெண்டு பேருக்கும் சோறு இல்ல. அதான்..." என்று இழுத்தவள், அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல. நல்ல மிஷின்ல உக்காந்து தைக்கணும்னு ஆசப்பட்டுட்டேன். அவ்ளோதான்."

அந்தப் பட்டியலைத் திறந்து காட்டட்டுமா என்றேன். திரையைக் கையால் பொத்திவிட்டாள். எனக்கும் பார்க்க மனசு வரவில்லை. நான் லிஃப்ட்டுக்குத்தான் போட்டிருந்தேன். புண்ணியத்துக்கு இல்லை, என் முழங்காலுக்கு.

அதற்குப் பிறகு அவள் அக்காவைக் கவனித்த கவனிப்பைப் பார்க்க வேண்டுமே! கேட்காமலே டீ, கேட்காமலே தலை வாரிவிடுதல். "என்னடி, விருந்தாளி மாதிரி கவனிக்கிற?" என்று அக்கா சிரித்தாளாம். ஜிப்பு நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு வேறொரு ஆச்சரியம். அடுத்த வீட்டில் கடுகு வெடித்தாலே ஆளுக்கொன்று பேசுகிற குடியிருப்பு, ஜிப்புவைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை.

தையல் கூடம்தான் ஜெயித்தது, சொற்ப வித்தியாசத்தில். மிஷின்கள் வந்து இறங்கிய அன்று பெண்கள் எல்லோரும் கீழே கூடிவிட்டார்கள். ஜிப்புவை மட்டும் காணோம். அவளைக் கூட்டிவர என்னை அனுப்பினார்கள். திட்டிக்கொண்டே ஏறினேன்.

கட்டிலில் அக்கா. தரையில் ஜிப்பு, முழங்காலைக் கட்டிக்கொண்டு. நான் உள்ளே வந்ததைக்கூடப் பார்க்காமல், "அக்கா, நான் லிஃப்ட்டுக்குப் போடல. தையலுக்குப் போட்டேன்" என்றாள். இத்தனை நாளாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது என் முன்னாலேயே கொட்டிவிட்டது.

"தெரியும்டி. நீ போட்ட அன்னிக்கே பாத்துட்டேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டு என்ன பண்றது? அழிக்க முடியாதுன்னு அந்தத் தம்பி மைக்ல கத்துனாரே. சொந்த அக்காவுக்கே போடலன்னு எல்லாரும் உன்னக் கரிச்சுக் கொட்டுவாங்கன்னு தோணுச்சு." போனை எடுத்துப் பட்டியலைத் திறந்து தங்கையின் முன்னால் நீட்டினாள். "அதான் பக்கத்துலயே நான் போய் உக்காந்துட்டேன்."

எட்டிப் பார்த்தேன். ஜிப்புவின் பெயர். அதற்கு அடுத்ததாக அக்காவின் பெயர். இரண்டுக்கும் நேராகத் தையல் கூடம்.

ஜிப்பு அழவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தது போதும், போ. நல்ல மிஷினா ஒண்ணு பிடிச்சு வை. அப்புறம் எவளாவது உக்காந்துக்குவா" என்று விரட்டிவிட்டு, அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாங்கள் படி இறங்கினோம். பாதி வழியில் ஜிப்பு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும் அண்ணே" என்றாள்.