ஃபாதருக்கு நாலு இட்லி

என் வாழ்க்கையில் நான் வயிறெரிந்து பொறாமைப்பட்டது ஒரு பாதிரியார்மேல்தான். அமெரிக்காவில் நாங்கள் இருந்த சான் ஹோசேயில், அந்த பிலிப்பினோக்காரர் உளவியலும் படித்தவர். ஹிப்னாடிசம் மூலம் சிகிச்சை செய்வார். சென்னையில் மாமனார் இறந்தபோது, வேலை போய் விசா ஊசலாடிக்கொண்டிருந்ததால் ஒரே பிள்ளையான என் கணவரால் போக முடியவில்லை. அன்றிலிருந்து ஏழு மாதம் தூக்கம் இல்லாமல் தவித்தபின், நண்பர் சொல்லி அவரிடம் போக ஆரம்பித்தார்.

வீட்டில் எதற்கும் "ம்" கொட்டுகிற மனுஷன் அங்கே ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "அதான் ஃபாதர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேனே" என்பார். போதாக்குறைக்கு, "ஃபாதருக்கு நாலு இட்லி பேக் பண்ணு, அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று வேறு. என் இட்லியைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஐந்தாவது வாரம் சண்டை போட்டுக் கூடவே போனேன். தங்கள் நாட்டிலும் குடும்பத்தைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்று சொல்லி, ஃபாதர் எனக்கும் நாற்காலி போட்டார். கணவரைக் கண் மூட வைத்து, அப்பாவிடம் பேசுகிற மொழியிலேயே பேசச் சொன்னார்.

"அப்பா, கொள்ளி போடக்கூட நான் வரலையேப்பா" என்று என் கணவர் தேம்பினார். ஃபாதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஃபாதரிடம், தமிழ் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்றார். முதல் வாரத்திலிருந்தே இவர் தமிழில் பேச, புரியாமலேதான் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

தமிழ் தெரிந்த நான் எட்டு மாதமாக என் கணவர் பக்கத்திலேயே படுத்துக்கிடந்தேன்.