அக்காவின் இலையில் என்ன வைப்பது?

இந்தச் சிறு நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் அக்கா அவர்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் நிறைந்திருக்கும். வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உயிரோடு இருந்தவரை அக்காவை நான் "வா, போ" என்றுதான் பேசினேன். அச்சில் அப்படி வரக்கூடாது, மரியாதையாக எழுது என்று என் கணவர் சொல்லிவிட்டார். சரி, எழுதுகிறேன். ஆனால் பிறந்த ஊர், பார்த்த உத்தியோகம் எல்லாம் நாலு வரியில் முடிந்துவிடுகிறது. மீதி முழுக்க எனக்கே குழப்பம்.

எது குழப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷ திதியன்று போனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போட்டுப் படைப்பது நம் வழக்கம். எங்கள் அக்காவுக்குப் பிடித்தது என்ன? கூடப் பிறந்த எனக்குத் தெரியவில்லை. வெட்கக்கேடுதான், என்ன செய்ய?

அக்கா பிறந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல் சத்தம் கேட்கும் ஓர் ஊர். அப்பா பிழைப்புக்காகத் தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தார். வடபழனியில் வரிசை வீடு ஒன்றில் குடித்தனம். நான் பிறந்தது அங்கேதான். எனக்கும் அக்காவுக்கும் பதினொரு வயது வித்தியாசம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். தனக்குக் கல்யாணம் என்ற பேச்சை எடுக்கவே விடவில்லை.

வடபழனியில் எங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இந்தப் பக்கத்து வீட்டில் சினிமாவுக்கு உடை தைக்கும் தையல்காரர், அந்தப் பக்கம் கூட்டக் காட்சிகளில் நிற்கப் போகும் ஒரு பெண். நல்ல மனிதர்கள். ஞாயிறானால் அம்மா வைக்கும் மீன் குழம்பு நாலு வீட்டுக்குப் போகும். அக்கா அன்றைக்கு இலை போட்டு, சம்மணம் கட்டி உட்கார்ந்து, முள்ளை வரிசையாக அடுக்கி வைத்துச் சாப்பிடுவார். "ஏட்டி, சோறு போதும், மீன் தலையை இங்கிட்டுத் தள்ளு" என்பார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், சத்தியம்.

நம் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வந்த சமயம். என்னைப் பெண் பார்க்க நம் ஊர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. தகவல் சொல்ல அக்கா போனபோது, அந்த வீட்டு அம்மாள் "வீடு எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "வடபழனி." "ஓ, சினிமாக்காரங்க பக்கமா?" அவ்வளவுதான். அவர்கள் வரவே இல்லை. வாங்கி வைத்த கேசரி ரவையை அம்மா அடுத்த வாரம் உப்புமாவாகக் கிண்டினார்.

அன்றைக்கு அக்காவுக்குப் பிடித்தது ஒரு வெறி. "ஏட்டி, நான் நாள் பூரா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். மைலாப்பூர்க்காரன் ட்ரங்க் கால் கேக்கிற தோரணையே வேற. அட்ரஸைச் சொன்ன உடனே எங்க சூபர்வைசர் குரல் குழையுது. மனுசனை எவன் பாக்கான்? தெருவைத்தான் பாக்கான்" என்றார். அந்த மாசமே வீடு தேடக் கிளம்பினார். தியாகராய நகர் வேண்டாம், நம் ஊர்க்காரன் பூரா அங்கேதான், நம்ம பவிசு அவனுக்குத் தெரியும் என்றார். திருவல்லிக்கேணி வேண்டாம், மேன்ஷன் மேன்ஷனாகத் தனிக்கட்டைப் பசங்கள், வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு அங்கே முடியாது என்றார். அடையாற்றில் கொஞ்ச விலைக்கு மனை இருக்கிறது என்று கூட வேலை பார்த்தவர் சொன்னதற்கு, "அங்கன நரிதான் குடியிருக்கும்" என்று சிரித்தார். இன்றைக்கு அந்தப் பக்கம் மாடி வீடாக எழும்புகிறது. அது கிடக்கட்டும்.

கடைசியில் மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், ஒரு வீட்டின் பின்கட்டு கிடைத்தது. வீட்டுச் சொந்தக்காரர் ஒரு மாமி, கணவரை இழந்தவர். அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "மத்தெல்லாம் நான் கேக்கப் போறதில்லை. நீங்கள்லாம் சைவம்தானே? கொல்லைப்புறம் அந்த வாசனை வந்துதுன்னா சந்துக்காரா என்னைத்தான் பிடிச்சுப்பா."

அக்கா கண்ணை இமைக்கவில்லை. "சுத்த சைவம் மாமி" என்றார்.

அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. வெளியே வந்ததும், "பாவி மக்கா, சாளை வாசனை இல்லாம எனக்கு எப்படிட்டி சோறு இறங்கும்?" என்று கேட்டார். "உன் மகளுக்கு மாப்பிள்ளை வேணுமா, சாளை வேணுமா?" என்றார் அக்கா. அதோடு எங்கள் வீட்டில் மீன் சட்டி பரண் ஏறியது.

மயிலாப்பூர் என்னவோ நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். மாமி எனக்குக் கோலம் போடக் கற்றுக்கொடுத்தார். நவராத்திரிக்குச் சந்து முழுக்கச் சுண்டல். ஆனால் அம்மா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்து, அவரைக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை வாரா வாரம் கேட்டவள் நான். அக்கா மட்டும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார். ஞாயிறு டியூட்டி என்பார்.

ஒருநாள் சிநேகிதியோடு கடற்கரைக்குப் போனேன். கலங்கரை விளக்கத்தைத் தாண்டி வந்தோம். அங்கே குப்பத்தில் ஒரு குடிசை வாசலில், டியூட்டிக்குப் போன எங்கள் அக்கா அலுமினியத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மீன் விற்கும் அஞ்சலையம்மா, கையில் கரண்டியோடு. மயிலாப்பூர் மார்க்கெட் பக்கம் கூடையோடு போகிறவர் என்பதால் எனக்கு முகம் தெரியும். எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! அம்மா வாய் செத்துக் கிடக்க, இவருக்கு மட்டும் விருந்தா?

அன்று சாயங்காலம் பிடித்துக்கொண்டேன். அக்கா மறுக்கவில்லை. "நீ போற வீடு எப்படிப்பட்டதோ, உனக்கு நாக்கு பழகக்கூடாது. எனக்கு என்னட்டி, நான் எங்க போகப்போறேன்?" என்றார். நான் ஒரு வாரம் பேசவில்லை. அதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன், அக்கா.

அக்கா போட்ட கணக்கு பலித்தது. தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம், நம் பக்கத்து ஜனம்தான், பெண் கேட்டு வந்தார்கள். என் மாமியார் வாசலில் கால் வைக்கும்போதே, "கோயிலுக்குப் பக்கத்துலயே வீடா! குடுத்து வச்சவங்க" என்றார். பின்கட்டு இரண்டு அறை என்பதை யாரும் கவனிக்கவில்லை. கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. மூன்றாம் நாள் புகுந்த வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் வஞ்சிர மீன் குழம்பு. எனக்கு மட்டும் ரசமும் பீன்ஸ் பொரியலும்.

"நீ மைலாப்பூர்ப் பொண்ணு, உனக்கு இதெல்லாம் ஆகாதுன்னு தெரியும் கண்ணு. தனி அடுப்புல வச்சேன்" என்று என் மாமியார் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அட கடவுளே! அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கணவரிடம் மட்டும் மூன்று மாதம் கழித்துச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "எங்கம்மாகிட்ட இப்போ சொல்லிடாதே. எங்க மருமக முட்டையைக்கூடத் தொடமாட்டான்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க" என்றார். இன்றுவரை சொல்லவில்லை. அத்தை, இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

போன வருஷம் மழைக்காலத்தில் அக்காவுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தார். நாற்பது வயதுகூட முழுசாகவில்லை. வடபழனித் தையல்காரர் தினமும் இரண்டு பஸ் மாறி வந்து வாசலில் நின்றார். மயிலாப்பூர் மாமி மோர் சாதம் கரைத்துக்கொண்டு வந்தார். அஞ்சலையம்மா உள்ளே விடமாட்டார்கள் என்று பயந்து, ஜன்னல் பக்கமாக நின்று பார்த்துவிட்டுப் போவார். "என்ன வேணும் அக்கா, சொல்லு" என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். "வாய் கசக்குது" என்பதைத் தவிர வேறு பதிலே இல்லை.

பதினாறாம் நாள் அந்தப் பின்கட்டிலேயே படைத்தோம். சாளை வைக்க வேண்டும் என்று அம்மா அழுதார். மாமி முன்கட்டில் உட்கார்ந்திருக்கிறாரே என்று நான் அடக்கினேன். சாம்பாரும் வடையும் பாயசமும் வைத்தோம். அம்மா அந்த இலையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

இந்த வருஷமாவது அம்மா மனம் நோகாமல் செய்ய வேண்டும் என்று, போன மாதம் மாமியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அம்மா இன்னும் அந்தப் பின்கட்டில்தான் இருக்கிறார், காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது?

மாமி விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டே கேட்டார். "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? அவ குடிவந்த ரெண்டாம் மாசமே எனக்குத் தெரியும்டி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்ததும் வராததுமா கிணத்தடிக்குப் போய் சீயக்காய்ப் பொடியைப் போட்டுக் கையைத் தேச்சுத் தேச்சு அலம்புவா. தலைக்குப் போடறதைக் கைக்குப் போடறாளேன்னு பார்த்தேன். புரிஞ்சுடுத்து."

"தெரிஞ்சும் ஏன் மாமி கேக்கலை?"

"கேட்டா, போன்னு சொல்லணும். கேக்காட்டா, இருக்கலாமோன்னோ? எனக்கும் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது."

எட்டு வருஷம் யாரிடமிருந்து எதை மறைத்தோம்?

சரி, அக்காவுக்கு மீன்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, நெத்திலியும் சாளையும் சொல்லி வைக்க அஞ்சலையம்மாவிடம் போனேன். அவர் சொன்னதைக் கேட்டு இருந்த தெளிவும் போயிற்று.

"இன்னா கண்ணு சொல்றே? உங்க அக்கா மீன் துன்னு எத்தினி வருசம் ஆவுது! மொதல்ல மூணு நாலு வருசம் நல்லாத்தான் துன்னுச்சு. அப்பால மீனை எடுத்து ஓரமா வச்சுக்கினு கொழம்பை மட்டும் ஊத்திக்கும். அப்பால அதுவும் இல்ல. 'வாசனை ஒத்துக்கலை அஞ்சலை, நாக்கு மறந்துபோச்சு'ன்னும். ஆனா ஞாயித்துக்கெழம தவறாம வந்து குந்திக்கினு இருக்கும். உங்க அம்மாவைப் பத்தி, உன்னைப் பத்திச் சொல்லிக்கினே இருக்கும். 'வூட்ல சொல்லாதே, சைவமா மாறிட்டேன்னு தெரிஞ்சா அம்மா மனசு ஒடிஞ்சுடும்'னு எங்கைல சத்தியம் வாங்கிக்கிச்சு."

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாமியிடம் மீனை மறைத்தார், எங்களிடம் மீனை விட்டதை மறைத்தார். அப்படியானால் கடைசி வருஷங்களில் எதற்காகச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார்? எந்த வீட்டிலும் அவர் முழுசாக அவராக உட்கார்ந்து ஒருவாய் சாப்பிடவில்லையா? மயிலாப்பூருக்குப் போனது சரியா தப்பா என்று என் கணவர் என்னைக் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. அந்தச் சந்துக்கு வந்ததால் இந்தப் புருஷன் கிடைத்தார், என் பிள்ளைகள் கிடைத்தார்கள். வராமல் இருந்திருந்தால் அக்கா இலை போட்டுச் சம்மணம் கட்டி உட்கார்ந்திருப்பார். எதை வைத்து எதைக் கழிப்பது?

யோசித்து யோசித்துத் தலைவலிதான் மிச்சம். ஆனால் இலைக்கு ஒரு முடிவு செய்துவிட்டேன். சைவச் சமையலும் உண்டு, சாளைக் குழம்பும் உண்டு. ஒரே இலையில்தான். வேண்டாததை அக்கா ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளட்டும், அது அவருக்குப் பழக்கம்தான். படையல் அதே மயிலாப்பூர்ப் பின்கட்டில். மாமியிடம் சொன்னபோது, "நான் அன்னிக்குக் கார்த்தாலேயே அடையாத்துல பொண்ணாத்துக்குப் போயிடுவேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. சந்துக்காரா கேட்டா காது கேக்கலைன்னுடுவேன்" என்றார். இதை மலரில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோ. எனக்குக் கண்ணும் சரியாத் தெரியலை" என்றார்.

அந்த மாமிக்கு நாங்கள் எந்த ஜன்மத்திலும் நன்றிக்கடன் தீர்க்க முடியாது. எங்கள் அக்காவுக்கு எட்டு வருஷம் தட்டும் இடமும் காதும் கொடுத்த அஞ்சலையம்மா, இந்த முறை ஜன்னல் பக்கம் நிற்கக்கூடாது, முதல் பந்தியில் உட்கார வேண்டும். இரண்டு பஸ் மாறி வந்த தையல்கார அண்ணனுக்கும், அக்காவோடு வேலை பார்த்த சகோதரிகளுக்கும், பொறுமையாக இதைப் பிழை திருத்திக் கொடுத்த என் கணவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தை, நீங்களும் அவசியம் வாருங்கள். உங்கள் மைலாப்பூர் மருமகள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, முள்ளை வரிசையாக அடுக்கி வைத்துச் சாப்பிடப் போகிறேன். கோபம் இருந்தால் அங்கேயே திட்டிவிடுங்கள்.

குழம்பு நான்தான் வைக்கிறேன். விட்டுப்போன கை, புளி முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்து அந்தச் சட்டியை இறக்கிக் கழுவி வைத்தாயிற்று. கிணற்றடியில் இருந்த சீயக்காய் டப்பாவை நேற்றே எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். வருகிறவர்கள் வெறும் தண்ணீரில் கையை அலம்பிக்கொண்டு, அந்த வாசனையோடேயே அவரவர் வீட்டுக்குப் போகலாம்.