ஆயாக்கொட்டகை நாற்காலிக் கடை

பழைய மேசை நாற்காலி வாங்கி விற்கிறவளுக்கு முதலில் வேண்டியது பணம் இல்லை, வெட்கப்படாத முழங்கால். எந்தக் கடைக்குப் போனாலும் நாலு பேர் முன்னால் மண்டி போட்டு, சாமானுக்கு அடியில் தலையை விட்டால்தான் அதன் யோக்கியதை தெரியும். பளபளவென்று இருக்கிறதே என்று தூள்பலகை அலமாரியை வாங்கி, ஒரே மழைக்காலத்தில் அது ஊறி, உப்பி, வாயைப் பிளந்ததைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் உங்கள் கட்சிதான். அதனால்தான் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது மலைமேல், தானா ராத்தா ஊரிலிருந்து உள்ளே போகும் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். என் வீட்டுக்காரர் மலையில் திரிங்காப்பிலிருந்து கீழே ஈப்போ நகரத்துக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறார். போகும்போது கோசும் தக்காளியும். வரும்போது லோரி காலி. அந்தக் காலியைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் புத்தி வந்தது. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் ஏறிவிடுவேன். ஈப்போவில் பழைய சாமான் கடைகளை அலசி, வாங்கியதை மேலே கொண்டுவந்து, தேய்த்து, ஆட்டத்தை நிறுத்தி விற்கிறேன்.

கடை எங்கே என்கிறீர்களா? தோட்டத்து ஆயாக்கொட்டகையில். கொழுந்தெடுக்கப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுப்போன இடம் அது. இப்போது வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்துத் தம்பிகள், பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். கொட்டகை பூட்டிக் கிடந்தது. "வச்சுக்கம்மா, சும்மாதான கெடக்கு" என்றார் கணக்கெழுதுகிற ஆபீஸ் கிராணி. அவர் வேலை முடிந்து சொந்த ஊருக்குப் போய்விட்டார். புது மேனேஜர் வந்தார். கோலாலம்பூர்த் தமிழ்ப் பிள்ளை, என் வயதுதான் இருக்கும், ஆனாலும் லயத்தில் மேனேஜர் என்றால் யாரானாலும் துரைதான். கொட்டகையில் உரம் வைக்கவேண்டும், மாதக் கடைசிக்குள் காலி செய் என்று ஆள் அனுப்பிவிட்டார். வீட்டில் இரண்டே அறை. அதில் நாங்கள், பிள்ளைகள், மாமியார். ஒரு முக்காலி கூட நுழையாது. கொட்டகை போனால் கடையும் போச்சு. "போயி அவர் கால்ல விழுந்து கேளு" என்று அக்கம்பக்கம் சொன்னது. முழங்கால் இருப்பது மேசைக்கு அடியில் பார்க்க, துரைக்கு முன்னால் போட இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த மாதமும் வழக்கம்போல லோரி ஏறினேன்.

மேசைக்கு அடியில்

ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்துக்காக நடத்துகிற பழைய சாமான் கடை உண்டு. தானமாக வந்ததை எல்லாம் குவித்திருப்பார்கள். முகம் பார்த்தால் எல்லாமே ஒன்றுதான். மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்துவிட்டால் கிழவனும் மாப்பிள்ளை. நான் இழுப்பறையை முழுசாக உருவிவிடுவேன். மூலையில் பலகையோடு பலகை பல் கோத்திருந்தால் நல்ல கை செய்தது. ஆணியும் பசையும் மட்டும் தெரிந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். அப்புறம் உள்ளே மூக்கை விட்டு முகர வேண்டும். பூசணம் ஏறியிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அப்புறம் கால். நகத்தால் தட்டினால் டொக்கென்று சொல்ல வேண்டும். பொடிப் பொடியாக மாவு கொட்டினால் உளுத்துவிட்டது, தொடாதீர்கள்.

அன்றைக்கு ஒரு எழுது மேசைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, கைப்பேசி வெளிச்சத்தில் கரையான் தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளை என் வயிற்றின்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. வெளியே ஒரு செருப்புச் சத்தம் வந்து நின்றது. கடையைப் பார்த்துக்கொள்கிற சரோஜா அக்கா குனிந்து என்னைப் பார்த்தார். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ மேச வாங்க வந்தியா, மேசைக்குப் பிரசவம் பாக்க வந்தியா?"

எலுமிச்சம்பழ கேரண்டி

என் மாமியாருக்கு முதலில் இந்த வியாபாரமே பிடிக்கவில்லை. "யாரு செத்த கட்டிலோ, எவ அழுத கண்ணாடியோ, புள்ளைங்க இருக்குற எடத்துக்குக் கொண்டாறியே" என்பார். "புதுக் கட்டில்ல படுத்தவங்க யாரும் சாகலையா அத்த?" என்று கேட்டேன். அடுத்த முறை லோரி வந்து நின்றபோது தட்டில் எலுமிச்சம்பழத்தோடும் கற்பூரத்தோடும் கொட்டகை வாசலில் நின்றார். ஒரு சாமான் விடாமல் மூன்று சுற்று சுற்றிக் காலடியில் பழத்தை நசுக்கிய பிறகுதான் உள்ளே விட்டார். எலுமிச்சை விற்கிற விலையை நினைத்து, நான் நசுங்கின பழங்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

கம்போங் ராஜாவிலிருந்து வந்த ஒரு தம்பதி அலமாரியைப் பார்த்துவிட்டு, பிடித்தும் தயங்கித் தயங்கி நின்றார்கள். யாருடையதோ என்னவோ, ராசி எப்படியோ என்று அந்தப் பெண் இழுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"கம்பெனிக்காரன் பேப்பர்ல கேரண்டி குடுப்பான், நாங்க பழம் சுத்திக் குடுத்திருக்கோம். தைரியமா தூக்கிட்டுப் போ லா!"

வாய் திறக்காத அலமாரி

கீழே வெயிலில் காய்ந்து கிடந்த மரம், மலை ஏறினதும் ஈரத்தைக் குடித்து உப்பும். இது தெரியாமல் ஆரம்பத்தில் லோரியிலிருந்து இறக்கின சூட்டோடு ஓர் அலமாரியைப் பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவிடம் விற்றேன். தோட்டத்தில் இன்னும் கொழுந்து வெட்டுகிற சொற்பத் தமிழ்ப் பெண்களில் அவர் ஒருத்தர். மூன்று நாள் பனி இறங்கியது. இழுப்பறை இறுகிக்கொண்டது. உள்ளே பேத்தியின் பள்ளிச் சீருடை. பஸ் வருகிற நேரத்தில் அக்கா ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, பிள்ளை பெட்டிகோட்டோடு நின்று அழுகிறது. அன்றிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் கொட்டகையில் சில வாரம் நிறுத்தி, மலைக் குளிர் பழகினபிறகு, உரசுகிற இடத்தை இழைத்து மெழுகுவத்தி தேய்த்துத்தான் விற்கிறேன். கொட்டகை எனக்குக் கடை மட்டும் இல்லை என்று இதற்காகத்தான் சொல்கிறேன். ரோட்டோரத்தில் நிறுத்தி இந்த வேலையைச் செய்ய முடியாது.

அன்றைக்கு ஒருவழியாக இழுப்பறை பிடுங்கிக்கொண்டு வந்தது. நாங்கள் இருவரும் பின்னால் விழுந்தோம். விழுந்த இடத்திலிருந்தே அக்கா சொன்னார்:

"இது என் மருமகள விட அழுத்தண்டி. அவகூட ரெண்டு திட்டு திட்டுனா வாயத் தொறப்பா!"

என்ன ஜாதி?

மர வியாபாரத்துச் சொல் எல்லாம் எங்களுக்கு மலாயில்தான் வாயில் வரும். தேக்கை மலாயில் ஜாதி என்பார்கள். ஈப்போ கடைகளில் இது ஜாதியா, அசல் ஜாதியா என்று கேட்டுக் கேட்டு, எனக்குத் தேக்கு என்ற சொல்லே மறந்துபோச்சு. தானா ராத்தாவுக்கு மாற்றலாகி வந்த ஓர் அதிகாரியின் மனைவி சாப்பாட்டு மேசை தேடி வந்தார். நல்ல பட்டுப்போன்ற பேச்சு. மேசையைத் தடவிப் பார்த்தார், விலையைக் கேட்டார், அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார். "இது எந்த ஆளுங்க வீட்டுச் சாமான்மா? சாப்பிடுற மேச பாரு, அதான் கேக்கறேன். என்ன ஜாதி?"

"அசல் ஜாதிக்கா!" என்றேன் நான், மரத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து. "அடியில சொரண்டிக் காட்டட்டுமா? இந்தக் காலத்துல இவ்ளோ சுத்தமான ஜாதி கெடைக்காது." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! நம்மவங்களா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியே தலையாட்டியிருந்தால் மேசை போயிருக்கும். காலி செய்யச் சொன்ன அந்த மாதம் எனக்கு ஒவ்வொரு விற்பனையும் பெரிசு. ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ஜாதின்னா தேக்குக்கா. மரத்துக்குத்தான் ஜாதி. சாப்ட்டவங்க யாருன்னு தெரியாது. அடியில சீன எழுத்து இருக்கு, பன்னி வெட்டுனாங்களோ பாயசம் குடிச்சாங்களோ, நான் பாக்கல. வேணும்னா வாங்குங்க, வேணான்னா விடுங்க" என்றேன். வெளியே காடியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்த அவர் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு உள்ளே கேட்டது. அந்த அம்மா மேசையை இன்னொரு தரம் தடவினார். அது அழகான மேசை.

"சரி, ரெண்டு பெஞ்சியும் சேத்துக் குடு. வீட்டுக்கு வர்றவங்க கேட்டா, ஜாதி மேசைன்னு மட்டும் சொல்லிக்கறேன்."

பல் டாக்டர் நாற்காலி

கை நீண்ட சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. பிரம்பு அறுந்து கிடந்ததை ஒரு வாரம் உட்கார்ந்து பின்னி முடித்தேன். ஸ்ட்ராபெரி தின்ன மலைக்கு வந்த கூட்டத்தில் ஓர் ஆள் அதைப் பார்த்துவிட்டார். தலைநகரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாராம். வாசலில் போட வேண்டுமாம். "இது இந்தத் தோட்டத்து பங்களாவுல வெள்ளக்காரத் துரை உக்காந்ததுன்னு ஒரு அட்டையில எழுதித் தாங்க சிஸ்டர். கேக்குறதுக்கு மேலயே தரேன்" என்றார். "ஈப்போவுல ஒரு பல் டாக்டர் வீட்டுல இருந்து வந்தது. விக்கிறப்ப அவர் பொண்ணு சொன்னாங்களாம்" என்றேன். "பல் டாக்டர் கதைய எவன் வாங்குவான்?" "பல் வலி வந்தவன் வாங்குவான்." துரை உட்கார்ந்த நாற்காலி என்றால் எங்கள் லயத்தில் அதற்கு முன்னால் நின்றவர்கள் கதையையும் சேர்த்து எழுத வேண்டும்; அதற்கு அட்டை போதாது. அவர் நான் கேட்ட விலையிலிருந்தும் குறைக்கப் பார்த்தார். குறைக்கவில்லை. வெறுங்கையோடு காடியில் ஏறும்போது உண்மையான அக்கறையோடு புத்தி சொன்னார்:

"கை வேல நல்லாருக்கு சிஸ்டர். பொய் மட்டும் கத்துக்கிட்டா பெரிய ஆளா வந்துடுவீங்க!"

மாதக் கடைசி

காலி பண்ணச் சொன்னார் அல்லவா, பண்ணிவிட்டேன். காலையிலேயே எல்லாச் சாமானையும் தூக்கிக் கொட்டகைக்கு முன்னால் தோட்டத்து ரோட்டோரம் கடை மாதிரியே வரிசையாக வைத்தேன். அந்த வளைவில்தான் கொழுந்து நிறுவை. மூட்டையை இறக்கிவிட்டு வந்தவர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள். "உக்காருங்க, காசா பணமா" என்றேன். செல்லம்மா அக்கா பல் டாக்டர் நாற்காலியில் காலை நீட்டினார். வங்காளதேசத்துத் தம்பிகள் ஈப்போவில் வாங்கின எழுது மேசையைச் சுற்றி உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஜீப் வந்தது. துரை ஜீப் வந்தால் எழுந்து நிற்பது இங்கே பழக்கம். யாரும் சொல்ல வேண்டியதில்லை, கால் தானாக எழும். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். "உக்காருங்க! இது என் கடை. என் கடைக்கு வந்தவங்க யாருக்கும் எந்திரிக்க வேணாம்" என்று கத்தினேன். செல்லம்மா அக்கா நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

மேனேஜர் இறங்கி வந்தார். "என்னக்கா இது?" "காலி பண்ணிட்டேன் சார். இனிமே கடை இங்கதான்." "மழ வருதே." "வருது." மேலே மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. "உர ஸ்டோர் கூர ஒழுகுது, நான் என்ன செய்றது?" என்றார். "ரெண்டு தகரம் மாத்துனா கூர சரியாப் போச்சு. என் பொழப்புக்கு எந்தத் தகரத்தப் போட்டு அடைப்பீங்க?" என்றேன். அவர் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள், உட்கார்ந்தபடியே. "சரி, தகரம் மாத்திக்கறேன். நீங்க கொட்டகைய சும்மா வச்சுக்குங்க" என்றார்.

"சும்மா வேணாம் சார். சும்மா குடுத்ததாலதான் சும்மா புடுங்க முடிஞ்சுது. வாடக போடுங்க, ரசீது குடுங்க." அவர் சிரித்துவிட்டு, "சரி, மாசம் ஒரு வெள்ளி" என்றார். அந்தக் காசுக்கு ஒரு டீ கூட வராது. "அது பிச்ச. கூட்டுங்க." கூட்டினார். இன்னும் கூட்டச் சொன்னேன். நியாயமான ஒரு தொகை வந்தபிறகுதான் தலையாட்டினேன். தூறல் விழுந்தது. யாரும் சொல்லாமலே, அவரவர் உட்கார்ந்திருந்ததை அவரவர் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினார்கள். மேசையின் ஒரு முனை ஆளில்லாமல் நின்றது. மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டு அதைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். வாசலில் நுழையும்போது மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"வாடகைய கொறைங்கன்னு எல்லாரும் வந்து அழுதிருக்காங்க. ஏத்துங்கன்னு சண்ட போட்ட மொத ஆளு நீங்கதான்க்கா!"

ஆக, சக நாற்காலிப் பித்தர்களே, எல்லாரும் விலையைக் குறைக்கவே வருகிற இந்த வியாபாரத்தில் நான் பேசிப் பேசி ஏற்றிக் காட்டிய ஒரே விலை, நானே கட்ட வேண்டிய வாடகைதான்.