ஒபரா பார்த்துவிட்டு வந்தவர்

கொழும்பிலிருந்து வரும் காலை ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள், கசங்காத புதுச் சேலை. பேசும்போதெல்லாம் என் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"நேத்து ராத்திரி ஒபரா பாத்தேன் தம்பி! மக வேல செய்யிற வீட்டுல டிக்கட் குடுத்தாங்க. பூரா பாட்டுலயே நடக்குற வெள்ளக்காரக் கூத்து!"

"பாஷை வெளங்குச்சுங்களாம்மா?"

"புருஷன் செத்துக் கெடக்கான், பொண்டாட்டி பாடுறா. இதுக்கு என்னா பாஷை? எங்க தோட்டத்து லயத்து வீடுங்க முன்னால ஆடுற காமன் கூத்துல, புருஷன் எரிஞ்சு ரதி அழுதா, பொம்பளைங்க எல்லாரும் சேந்து ஒப்பாரி வைப்போம். அங்க ஒருத்தரும் வாயத் தெறக்கல. பாவம், தனியா அழுவுறாளேன்னு நான் ஆரம்பிச்சுட்டேன். முன்னுக்கு இருந்த ஆளு திரும்பி மொறைக்கிறான்!"

சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அடுத்த மாதம் கண்டியில் நடனமாம். பிறகு நுவரெலியாவில் நாடகமாம். லயத்துப் பெண்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு வேன் பிடிக்கப் போகிறாராம்.

"நீங்களும் வாங்க தம்பி. ஆனா அழுகை வந்தா அழுதுறணும், சரியா?"

வட்டவளையில் இறங்கிப் போனார்.

திரும்பி முறைத்த ஆள் நான்தான். அது தெரிந்துதான் கூப்பிட்டாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.